துக்க வீட்டுக் கோழிச்சோறும் தூய்மைக் கழகமும்

செத்த வீட்டுக்கு வந்த சோற்றைத் தின்பது குற்றம் என்று அர்லீதா பக்னருக்கு அந்த ஜனவரி மாதம் வரைக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் புருஷன் ஹோசியாவை இன்னும் ஒரு மாதம் பொறுத்துச் சாகச் சொல்லியிருப்பாள். அவனும் சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷன்தான்.

ஹோசியாவுக்கு மரம் அறுக்கிற மில்லில் வேலை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவன் அப்படியே பலகை அடுக்கின் மேல் சாய்ந்துவிட்டான். மாரடைப்பு. அர்லீதா தான் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடி வருவதற்குள் வாசலில் இரண்டு பேர் மூடிய பாத்திரத்தோடு நின்றார்கள். மிம்ஸ்வில் ஊரில் அதுதான் வழக்கம். துக்கப்பட்டவள் அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது. ஊரில் இருக்கிற பெண்கள் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு வார்த்தை பேசி, மூக்கைச் சிந்திவிட்டுப் போவார்கள். பாத்திரத்தின் அடியில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி அதில் தன் பெயரை எழுதியிருப்பார்கள். பெயர் இல்லாத பாத்திரம் வீடு திரும்பாது. வாங்கிக்கொண்டவளும் அதைக் கழுவி வெறுமையாகத் திருப்பித் தரமாட்டாள், ஏதாவது போட்டுத்தான் தருவாள். இதையெல்லாம் யாரும் யாருக்கும் கற்றுத் தருவதில்லை, பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியதுதான்.

அன்றைக்கு வந்த பாத்திரங்களில் ஒன்று யூலா ரீவ்ஸுடையது. கண்ணாடிப் பாத்திரம். கோழியும் சோறும் சீஸும் சேர்த்து, மேலே உப்பு பிஸ்கட்டை நொறுக்கித் தூவி, பொன்னிறமாக வேகவைத்தது. யூலாவின் கணவர் டில்மன் ரீவ்ஸ், பக்கத்து ஊர் டாலிவர் கல்லூரியில் ஃபுட்பால் பயிற்சியாளர். அர்லீதாவின் ஒரே மகன் கெல்வினைத் தன் அணிக்குக் கேட்டிருந்தவர்.

இங்கேதான் வந்தது வினை.

இப்போது கல்லூரி ஆட்டக்காரப் பையன்களுக்குக் காசு, கார் எல்லாம் மேசைக்கு மேலேயே கொடுக்கிறார்கள். அப்போது அப்படியில்லை. படிப்புச் செலவு, தங்க இடம், சாப்பாடு தவிர ஒரு குண்டூசி கொடுத்தாலும் குற்றம். பையன் சேர்வதற்கு முன்னால் கொடுத்தால் மகா குற்றம். ஜனவரியில் பயிற்சியாளர்கள் பையன்களைச் சந்திக்கவே கூடாத தடைக்காலம் ஒன்று உண்டு. இவற்றையெல்லாம் காவல் காக்கக் கல்லூரி விளையாட்டுத் தூய்மைக் கழகம் என்று ஒன்று வடக்கே ஒரு பெரிய கட்டடத்தில் இருந்தது. அவர்களுடைய விதிப் புத்தகத்தைத் தூக்கி ஒருவனை அடித்தால் அவன் பிழைக்க மாட்டான். அப்படி அடிக்கலாமா என்பதற்கும் உள்ளே விதி இருக்கும்.

ரீவ்ஸ் விதியை மதிக்கிற மனிதர். மடியில் சூடான பாத்திரத்தை வைத்துக்கொண்டு யூலாவால் கார் ஓட்ட முடியாது என்பதால் கொண்டுவந்து விட்டார். விட்டவர் இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றி, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, துக்கம் கண்ணில் பட்டுவிடாதபடி ரோட்டோரமே உட்கார்ந்திருந்தார்.

பக் லாங்லி அப்படியில்லை, நேரே உள்ளே வந்தார். ஊரில் கார் விற்கிறவர் அவர் ஒருவர்தான். ஹார்க்நெஸ் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி என்றால் அவருக்கு உயிர். அதற்காக எதையும் செய்வார் என்பது ஊருக்கே தெரியும், தூய்மைக் கழகத்துக்கு மட்டும் தெரியாது. பெரிய பன்றித் தொடை ஒன்றைத் தின்றதும் தூக்கியெறிகிற அலுமினியத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அதில் பெயர் இல்லை. வந்தவர் யூலாவின் கோழிச்சோற்றை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார்.

"ஆகா! இவ்வளவு ருசியா யாரு அக்கா செஞ்சது?" என்று பாத்திரத்தைச் சாய்த்து அடியில் பார்த்தார். படித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, ஹோசியாவின் ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் தூய்மைக் கழகத்து விசாரணையாளர் கார்ல்டன் விட்காம் வந்து சேர்ந்தார்.

அர்லீதாவுக்கு இந்த உலகத்தில் அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கெல்வின் டாலிவரில் சேர வேண்டும். காரணம், அவள் அக்கா மேடெல்லின் மகன் ரேஃபர்ட். அவனும் ஆட்டக்காரன். ஹார்க்நெஸ்ஸுக்குத்தான் போனான். இரண்டாம் வருஷம் முழங்கால் போயிற்று. கட்டு அவிழ்ப்பதற்கு முன்னால் அவன் அறைக் கதவிலிருந்து அவன் பெயரை அவிழ்த்துவிட்டார்கள். பஸ்ஸில் ஊன்றுகோலோடு வந்து இறங்கியவன் இப்போது தீவனக் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து பில் போடுகிறான். டாலிவர் சின்னக் கல்லூரிதான். அதன் மைதானத்தில் ஒரு பக்கம் உட்கார இடமே கிடையாது, புல்தான். ஆனால் ரீவ்ஸ் இலையுதிர் காலத்தில் அவள் சமையலறையில் உட்கார்ந்து ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: பையனுக்குக் கால் உடைந்தாலும் கை உடைந்தாலும் பட்டம் வாங்கும்வரை படிப்பு நிற்காது. அவள் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டாள். ஹோசியாவும் கேட்டான். கெல்வினுக்கு மருந்துக்கடைப் படிப்பு படிக்க ஆசை. ஹோசியா இல்லாத வீட்டில் இந்த வாக்கைத் தவிர அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

விட்காம் சமையலறை மேசையில் டேப்ரெக்கார்டரை வைத்தார். ஒல்லியான ஆள். நாற்காலியில் உட்காருவதற்கு முன் அது யாராவது கொடுத்த நாற்காலியா என்று விசாரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"மேடம், முதல்ல என் ஆழ்ந்த அனுதாபம். இரண்டாவது, அந்தக் கோழி."

"எந்தக் கோழிங்க?"

"யூலா ரீவ்ஸ் கொண்டுவந்தது. உங்க மகன் அதைச் சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டான்."

"எவ்வளவு?"

"தட்டுல விழுந்தது அவ்வளவும்."

"சாப்பிட்டப்ப சந்தோஷமா இருந்தாரா?"

அர்லீதா அந்த ஆளின் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். கிண்டல் செய்கிறாரோ என்று சந்தேகம். அந்த முகத்தில் கிண்டல் என்பதே குடியிருந்த அடையாளம் இல்லை.

"அவங்கப்பா செத்து அன்னிக்குத்தாங்க மொத நாள்."

"புரியுது. அந்தச் சோத்தினாலே டாலிவர் கல்லூரி மேல ஒரு சாய்வு ஏற்பட்டுதான்னுதான் கேக்கறேன்."

மேடெல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "சோறு தின்னா காலேஜ் மேல சாயறதா இருந்தா, எங்க சர்ச் பாதிரியாரு இத்தனை நாளில எல்லா காலேஜிலயும் பட்டம் வாங்கியிருப்பாரு. அந்த மனுஷன் தின்னாத துக்க வீடு இந்தத் தாலுகாவிலயே கிடையாது."

"அவர் ஆட்டக்காரரா?"

"முட்டி தேய்ஞ்சு போயி உக்காந்திருக்காரு."

விட்காம் அதைக் குறித்துக்கொண்டார். "அந்தப் பாத்திரம் இப்ப எங்கே?"

"கழுவி அன்னிக்கே கொடுத்தனுப்பிட்டேனே," என்றாள் அர்லீதா, நல்ல பெயர் வாங்கலாம் என்ற நினைப்பில்.

"வெறும் பாத்திரமா?"

"அய்யய்யோ, வெறும் பாத்திரத்தை யாராவது கொடுப்பாங்களா? ரெண்டு பாட்டில் பீச் பழ ஜாம் வெச்சுக் கொடுத்தேன். நானே போட்டது."

விட்காம் பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார். அவருடைய கண்ணில் ஒரு பக்திப் பரவசம் தெரிந்தது. "ஆக, ஆட்டக்காரர் குடும்பம் பயிற்சியாளர் குடும்பத்துக்குப் பரிசு. இது தனிக் குற்றம் மேடம். இது எனக்குத் தெரியவே தெரியாது. ரொம்ப நன்றி."

"நன்றிச் சீட்டும் அனுப்பினேங்க," என்றாள் அவள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேடெல் ஈரக் கையோடு வந்து அவள் வாயைப் பொத்தினாள். தாமதமாகிவிட்டது. தடைக்காலத்தில் எழுத்துவழித் தொடர்பு, மூன்றாம் குற்றம்.

புறப்படும்போது விட்காம் வாசலில் நின்று மனம்விட்டுப் பேசினார். "எங்கப்பா செத்தப்பவும் பக்கத்து வீட்டுக்காரங்க சூப் கொண்டுவந்தாங்க மேடம். நான் தொடலை. அப்ப நான் ஆட்டக்காரனும் இல்லை. ஆனா நாளைக்கே ஆகலாமேன்னு ஒரு எச்சரிக்கை. அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும் பட்டினியா இருந்தாலும் சுத்தமா இருக்கேன்."

"பெரிய காலேஜுங்களையும் இப்படித்தான் கேப்பீங்களா?" என்றாள் மேடெல். "எங்க ரேஃபர்டுக்கு அங்கே மோதிரம் குடுத்தாங்க, கோட்டு குடுத்தாங்க. முட்டி போனதும் அதையும் புடுங்கிக்கிட்டாங்க."

"கழகத்துக்குப் பெரியவங்க சின்னவங்கன்னு வித்தியாசமே கிடையாது. சின்னவங்களை முதல்ல பார்ப்போம். முடிச்சிட்டு நேரம் இருந்தா பெரியவங்களைப் பார்ப்போம். கழகம் ஆரம்பிச்சதிலேர்ந்து இன்னும் நேரம் வாய்க்கலை."

அதற்குப்பின் அர்லீதாவுக்குத் தூக்கம் போயிற்று. பஸ் ஓட்டும்போது பின்னால் பிள்ளைகள் கத்துவதுகூடக் காதில் விழவில்லை. ரீவ்ஸைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும் என்றிருந்தது. பார்க்கத்தான் கூடாதே. எதேச்சையாக எதிர்ப்பட்டால் வணக்கம் மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்று விதி. அதற்கு மேல் ஒரு வார்த்தை போனாலும் இன்னொரு குற்றம்.

எதிர்ப்பட்டார். மளிகைக் கடையில், டின்னில் அடைத்த பீன்ஸ் அடுக்கியிருக்கிற வரிசையில். அவளைக் கண்டதும் அந்த மனிதர் பீன்ஸ் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். வரிசையின் அந்தக் கோடியில் விட்காம் சோப்பு வாங்குகிற சாக்கில் நின்றுகொண்டிருந்தார்.

"குட் மார்னிங், மிஸ் அர்லீதா," என்றார் ரீவ்ஸ். கல்யாணமானவளையும் மரியாதையாக 'மிஸ்' என்பது அந்த ஊர் வழக்கம்.

"குட் மார்னிங், கோச். எம் பையனுக்கு வெச்சிருந்த இடம் இருக்கா?"

"குட் மார்னிங்," என்றார் அவர், தலையை மெல்ல ஆட்டி.

"அந்த வாக்கு? அது இன்னும் அப்படியேதானே இருக்கு?"

"குட் மார்னிங், மிஸ் அர்லீதா." நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

"அவங்க விட்டுருவாங்களா கோச்? ஒரு வார்த்தை சொல்லுங்களேன். எனக்குச் சோறு எறங்கலை."

ரீவ்ஸ் பெரிய உடம்புக்காரர், இருபது வருஷம் மைதானத்தில் கத்திக் கத்திக் குரல் கட்டிப்போனவர். "குட் மார்னிங்," என்றார். குரல் பாதியில் உடைந்தது. டின்னை வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே போனார். மணி அப்போது சாயங்காலம் ஐந்து. விட்காம் நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அர்லீதா கதவைத் திறந்தாள். வாசலில் ஒரு சிவப்பு பிக்கப் டிரக் நின்றது. புத்தம் புதுசு. சாவி உள்ளேயே தொங்கியது. கெல்வின் டிரக்கைச் சுற்றிக் கடந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனான். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பதினேழு வயதுப் பையன் புது டிரக்கைத் தொடாமல் போவது சாமானியமான காரியமில்லை என்று நினைத்து அவளுக்குக் கண் நிறைந்தது.

சிறிது நேரத்தில் லாங்லி அந்த வழியாகக் காரில் ஊர்ந்தார். "அட, புது வண்டியா அக்கா! யாரு குடுத்தாங்க?"

"நீங்கதான் குடுத்திருக்கீங்க. எடுத்துக்கிட்டுப் போங்க."

"நானா? சேச்சே. உலகத்துல நல்ல மனுஷங்க நெறைய இருக்காங்க அக்கா. தம்பி ஹார்க்நெஸ் கலர்ல வண்டி ஓட்டினா அழகா இருக்கும்னு எவனோ நெனச்சிருக்கான்."

அர்லீதா டிரக்கை ஓட்டிக்கொண்டு போய் லாங்லியின் கடை முன்னாலேயே விட்டுவிட்டு நடந்து வந்தாள். மறுநாள் காலையில் அது வாசலில் நின்றது. இந்தத் தடவை பெட்ரோல் நிரப்பியிருந்தது.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தங்கமான யோசனை என்றே நினைத்தாள். மோட்டலுக்குப் போன் போட்டு விட்காமைக் கூப்பிட்டாள். கோழிச்சோற்றுக்கு இத்தனை பாடு என்றால் டிரக்குக்கு ஹார்க்நெஸ்ஸையே இழுத்து மூடிவிடுவார்கள், அந்தக் களேபரத்தில் கோழியை மறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டாள்.

விட்காம் உடனே வந்தார். கடமை என்று வந்தால் அவர் பின்வாங்குகிறவர் இல்லை. டிரக்கைச் சுற்றிவந்தார். மேல்சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, டார்ச் விளக்கோடு மல்லாந்து படுத்து டிரக்குக்கு அடியில் நகர்ந்து போனார். வெகுநேரம் கழித்து முகமெல்லாம் மண்ணாக வெளியே வந்தார்.

"டேப் இல்லையே மேடம்."

"என்னது?"

"பேரு. கோழிப் பாத்திரத்துல அடியில பேரு இருந்துது. இதுல இல்லை. யாரு குடுத்ததுன்னு கழகம் எப்படிச் சொல்லும்?"

"பின்னாடி பாருங்க சார்! லாங்லி மோட்டார்ஸ்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கே!"

விட்காம் பின்னால் போய்ப் பார்த்தார். நம்பர் பலகையைச் சுற்றி அப்படித்தான் எழுதியிருந்தது. திரும்பி வந்து பொறுமையாக விளக்கினார். "அது விளம்பரம். பேரு வேற, விளம்பரம் வேற."

"நான் சாட்சி சொல்றேன். சத்தியம் பண்ணிச் சொல்றேன். பைபிளைக் கொண்டாரட்டுமா?"

"மேடம், உங்க பேர்ல மூணு குற்றம் இருக்கு. குற்றம் செஞ்சவங்க சாட்சியை நாங்க ஏத்துக்கறதில்லை. மிஸ்டர் லாங்லி பேர்ல இதுவரைக்கும் ஒரு புகாரும் நிரூபணம் ஆகலை. அவர்தான் நம்பகமான சாட்சி. வர்ற வழியிலயே அவரைக் கேட்டேன். டிரக்கையே பார்த்ததில்லைங்கறார்."

அர்லீதா படியில் உட்கார்ந்துவிட்டாள். விட்காமுக்கு இரக்கம் வந்ததோ என்னவோ, அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஹார்க்நெஸ் ஆடற ஆட்டத்தை டி.வி.யில காட்டறாங்க இல்லையா? அதுல வர்ற காசுலதான் கழகம் நடக்குது. என் சம்பளம், மோட்டல், இந்த டார்ச் விளக்கு எல்லாம் அதுலதான். ஹார்க்நெஸ்ஸை மூடிட்டா டாலிவரை விசாரிக்க எனக்குப் பெட்ரோலுக்குக் காசு எங்கேர்ந்து வரும்? அப்புறம் நேர்மையை யாரு காப்பாத்தறது? நீங்க கொஞ்சம் பெரிசா யோசிக்கணும் மேடம்."

தலைநகரத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் விசாரணை நடந்தது. கல்லூரியில் சேருகிற பையன்கள் கையெழுத்துப் போட வேண்டிய நாளுக்கு முந்தின நாள். அர்லீதா, மேடெல், கெல்வின் மூவரும் சர்ச்சுக்குப் போகிற உடுப்பில் போயிருந்தார்கள். ரீவ்ஸும் யூலாவும் எதிர் வரிசையில், பேசிவிடாத தூரத்தில். மேடைக்குப் பின்னால் நீளமான மேசையில் குழுவினருக்கு மத்தியானச் சாப்பாடு வைத்திருந்தது: முழு மாட்டு விலா, இறால், நாலு விதக் கேக். ஹார்க்நெஸ் பல்கலைக்கழகத்தின் அன்பளிப்பு என்று ஒரு பலகையும் இருந்தது. குழுத் தலைவர் டாக்டர் ஆம்ப்ரோஸ் கிட்ரிட்ஜ் இறாலை வாயில் போட்டு மென்றபடியே கோழி வழக்கை எடுத்தார்.

"சாப்பாடு என்பது மிக ஆபத்தான விஷயம்," என்று ஆரம்பித்தார். "பெரிய ஊழல் எல்லாம் ஒரு வாய்ச் சோற்றில்தான் தொடங்குகிறது. எங்களைப் போல அனுபவம் உள்ளவர்கள் சாப்பிட்டால் பாதகமில்லை. எங்களை யாரும் வாங்க முடியாது. இளம் வயதில் அந்தத் திடம் இருக்காது."

யூலா எழுந்தாள். மெலிந்த பெண், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஐயா, நான் இந்தப் பையனுக்காகக் கொண்டுபோகலை. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து எந்த வீட்டுல சாவு விழுந்தாலும் கொண்டுபோறேன். அவங்க வீட்டுல ஆட்டக்காரன் இருக்கானா, ஆடுமாடு இருக்கான்னு பார்த்ததில்லை."

டாக்டர் கிட்ரிட்ஜ் முகம் மலர்ந்தது. "அப்படியானால் விதிவிலக்கு உண்டு! நீண்டகால வழக்கம் என்று நிரூபித்தால் குற்றமே இல்லை. சாட்சிகள் வந்திருக்கிறார்களா?"

"ஊரே வரும் ஐயா. எல்லா வீட்டுக்காரங்களும் சொல்லுவாங்க."

"வீட்டுக்காரர்கள் வேண்டாம். அவர்கள் சாப்பிட்டவர்கள், பயனடைந்தவர்கள், அவர்கள் சாட்சி செல்லாது. யாரை முன்னிட்டு உணவு கொண்டுபோனீர்களோ அவர்களை அழைத்து வாருங்கள்."

"அவங்க எல்லாம் செத்தவங்க ஐயா."

"அதற்குக் கழகம் பொறுப்பல்ல," என்றார் டாக்டர் கிட்ரிட்ஜ், வருத்தத்தோடுதான்.

மேடெல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை.

அர்லீதா முன்னால் போனாள். யாரும் கூப்பிடவில்லை. "ஐயா, தப்பு எம் பேர்ல போடுங்க. சோத்தை வாங்கினது நான், ஜாம் வெச்சது நான், சீட்டு எழுதினது நான். என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. ஜெயில்ல போடறதுன்னா போடுங்க, பஸ் லைசென்ஸைப் புடுங்கறதுன்னா புடுங்குங்க. எம் பையன் டாலிவர்ல படிக்கட்டும். அவன் ஆடாம இருந்தாக்கூட சரி, படிக்கட்டும். அங்கே ஒரு வாக்குக் குடுத்திருக்காங்க ஐயா. அதைத் தவிர எங்ககிட்ட ஒண்ணுமில்லை."

குழு கலந்தாலோசித்தது. கேக் வரும்வரை ஆலோசித்தது. பிறகு டாக்டர் கிட்ரிட்ஜ் தீர்ப்பைப் படித்தார். டாலிவர் கல்லூரி இரண்டு வருஷம் புதிதாக யாருக்கும் ஆட்டத்துக்கான உதவித்தொகை தரக் கூடாது. ரீவ்ஸ் ஒரு வருஷம் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது. கெல்வின் பக்னர் டாலிவரில் எந்த வடிவத்திலும் உதவி பெறக் கூடாது.

"ஆனால்," என்று கண்ணாடியைக் கழற்றினார், "இந்தப் பையன் குற்றவாளியல்ல, பலியானவன். அவனைக் காப்பாற்றத்தான் கழகமே இருக்கிறது. எனவே டாலிவர் தவிர எந்தக் கல்லூரியிலும் சேர அவனுக்குப் பூரண சுதந்திரம்."

மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் பக் லாங்லி எழுந்து நின்றே தட்டினார்.

பூரண சுதந்திரத்தை வைத்துக்கொண்டு மேடெல் ஹோட்டல் டெலிபோனிலிருந்து தெரிந்த சின்னக் கல்லூரிகளுக்கெல்லாம் போன் போட்டாள். கழகம் விசாரித்த பையன் என்றதும் ஒவ்வொருவராகத் தொண்டையைக் கனைத்தார்கள். நாளைக்கு அவர்கள் வீட்டுக்கும் விட்காம் வருவார் அல்லவா. ஹார்க்நெஸ் ஒன்றுக்குத்தான் அந்தப் பயம் இல்லை.

வாசலில் ரீவ்ஸ் காத்திருந்தார். "இனிமே தடை இல்லை மிஸ் அர்லீதா. கெல்வின் எங்க பையன் இல்லைன்னு ஆயிடுச்சு. உங்ககிட்ட எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்." அப்படியே நின்றார். "பேசறதுக்குத்தான் ஒண்ணுமில்லை."

"நீங்க என்ன பண்ணுவீங்க கோச்," என்றாள் அவள். யூலாவும் அவளும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கெல்வின் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான். பிறகு சொன்னான்: "நான் எங்கேயும் போகலைம்மா. மில்லுல அப்பா வேலையைக் கேக்கறேன். போர்மன் தர்றேன்னிருக்காரு."

"வாயை மூடு."

"ஹார்க்நெஸ்ல ரேஃபர்ட் அண்ணன் கதிதான் ஆகும்."

"ஆகட்டும்டா! ஊன்றுகோலோட வந்தாலும் உசிரோட வருவே. அந்த மில்லு உங்கப்பாவைப் பலகை மேல சாய்ச்சு எங்கிட்ட குடுத்துது. உன்னையும் அப்படி வாங்கிக்க என் கையில தெம்பு இல்லை." இவ்வளவையும் உரக்கச் சொன்னாள். சொன்ன பிறகு வண்டியை ஓரம்கட்டி நிறுத்தி, ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்து அழுதாள். மகனும் அழுதான். பின்சீட்டிலிருந்து மேடெல் இருவர் முதுகையும் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூட உள்ளரங்கில் கையெழுத்து. மேடை, மேளம், பேண்டு, தோரணம், கேமரா. ஹார்க்நெஸ் நிறத்தில் பலூன்கள். பையன் பதினெட்டு முடியாதவன் என்பதால் தாயும் கையெழுத்துப் போட வேண்டும். லாங்லி தானே பேனாவைத் திறந்து கொடுத்தார்.

அர்லீதா பேனாவை வாங்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பையனுக்குக் கால் போயிட்டா படிப்பு என்ன ஆகும்?"

"அக்கா! சிரிங்க, போட்டோ புடிக்கறாங்க. கல்யாண மேடையில நின்னுக்கிட்டு யாராவது சாவைப் பத்திப் பேசுவாங்களா?"

"பேசுவேன். சொல்லுங்க."

"அப்ப பார்த்துக்கலாம் அக்கா. கையெழுத்துப் போடுங்க, டி.வி.க்காரங்க நிக்கறாங்க."

போட்டாள். வேறென்ன செய்வாள். கெல்வினும் போட்டான். யாரோ அவன் தலையில் ஹார்க்நெஸ் தொப்பியை மாட்டினார்கள். அரங்கம் அதிர்ந்தது. முதல் வரிசையில் லாங்லிக்குப் பக்கத்தில் விட்காம் உட்கார்ந்திருந்தார். வழக்கு நல்லபடியாக முடிந்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. அவர் தலையிலும் அதே தொப்பி.

வானொலிக்காரப் பெண் ஒருத்தி மைக்கை நீட்டினாள். "மிஸஸ் பக்னர், சந்தோஷமான நாள். எத்தனையோ கல்லூரிகள் இருக்க, ஹார்க்நெஸ்ஸை ஏன் தேர்ந்தெடுத்தீங்க? கேக்கறவங்களுக்கு உங்க வாயால சொல்லுங்க."

பேண்டு நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அர்லீதா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதல் வரிசையை ஒருமுறை பார்த்தாள்.

"அங்கே போனாத்தான் எம் பிள்ளை சாப்பிடற சோத்தை யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க," என்றாள். "நாளைக்கு நானே செத்தாலும் அவனுக்கு யாராவது பயமில்லாம ஒரு பிடி சோறு போடுவாங்க. அதுக்குத்தான் அனுப்பறேன்."

அரங்கமே எழுந்து நின்று தட்டியது. ஹார்க்நெஸ்ஸைப் பற்றி இதைவிட உயர்வாக ஒரு தாய் பேசி அவர்கள் கேட்டதில்லை. லாங்லி கண்ணைத் துடைத்துக்கொண்டார். விட்காம் எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். கெல்வின் மட்டும் தட்டவில்லை. அவன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அம்மா மேடையிலிருந்து இறங்கக் கை கொடுத்துக்கொண்டிருந்தான்.